நூற்றுக்கு இரண்டு ரூபாய்

நூறு ரூபாய் நோட்டு ஒன்று கை மாறுகிறது. காய்கறி விற்பவரிடமிருந்து டீக்கடைக்குப் போகிறது. டீக்கடையிலிருந்து பால்காரரிடம் போகிறது. பால்காரரிடமிருந்து தவிட்டுக் கடைக்குப் போகிறது. பத்துக் கை மாறினாலும் அது நூறு ரூபாய்தான். நோட்டு கசங்கலாம், அழுக்காகலாம். ஆனால் நடுவில் யாரும் அதிலிருந்து ஒரு காசைக் கூடக் கிள்ளி எடுப்பதில்லை.

அதே நூறு ரூபாய் கடன் அட்டை வழியாக வந்தால் அப்படி இல்லை. வாங்குபவர் கொடுப்பது நூறு ரூபாய். கடைக்காரருக்கு வந்து சேர்வது அதைவிடக் குறைவு. எவ்வளவு குறைவு? அந்தப் பணம் எங்கே போகிறது? அட்டை வாங்கும் சிறிய கடைக்காரர்களில் பலருக்கு இதற்குச் சரியான பதில் தெரியாது. தெரியாததற்குக் காரணமும் உண்டு. இந்தச் செலவுக்கு யாரும் வந்து பில் கொடுப்பதில்லை. கல்லாப்பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுக்க வேண்டியதும் இல்லை. பணம் கைக்கு வருவதற்கு முன்பே கழிந்துவிடுகிறது.

கடைக்கு மெஷின் வந்தது

ஒரு பாத்திரக் கடையை எண்ணிப் பார்க்கலாம். இந்தியாவில் எந்தச் சிறிய ஊரின் கடைத்தெருவிலும் இப்படி ஒரு கடை இருக்கும். முன்னால் பிளாஸ்டிக் குடங்கள் தொங்கும். உள்ளே எவர்சில்வர் பாத்திரம், குக்கர், மிக்சி, அடுப்பு. கடையை நடத்துபவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. கணவர் இறந்த பிறகு கடையைக் கையில் எடுத்தவர். முதியோர் கல்வி வகுப்பில்தான் எழுத்துக் கற்றார். தமிழ் படிப்பார். எண்களில் அவரை ஏமாற்ற முடியாது. ஆங்கிலம் மட்டும் தெரியாது.

மாதம் 1,50,000 ரூபாய்க்கு விற்பனை. கடை வாடகை 4,000 ரூபாய். உதவிக்கு ஒரு பையன். பத்தொன்பது வயது இருக்கும்.

ஒருநாள் மெஷின் நிறுவனத்தின் ஆள் ஒருவர் கடைக்கு வந்தார்.

“அம்மா, இப்ப எல்லாரும் கார்டுதான் வெச்சிருக்காங்க. கையில காசு இல்லைன்னு வந்த கஸ்டமரைத் திருப்பி அனுப்பலாமா? இந்த மெஷினை வெச்சுக்குங்க. தேய்ச்சா மறுநாள் பணம் உங்க அக்கவுண்ட்டுல இருக்கும்.”

“இதுக்கு என்ன செலவு ஆகும், தம்பி?”

“நூத்துக்கு ரெண்டு ரூபாதாம்மா. ரெண்டு ரூபாய்க்கு இப்ப என்ன கிடைக்குது?”

அவர் சொன்னது பொய் இல்லை. ஆனால் முழுக் கணக்கும் இல்லை. ஆங்கிலத்தில் அச்சடித்த ஒப்பந்தத்தில் அம்மா கையெழுத்துப் போட்டார். மெஷின் வந்தது. விற்பனையும் நடந்தது. முன்பு குக்கர் மட்டும் வாங்கியவர்கள் அட்டை இருந்ததால் மிக்சியும் சேர்த்து வாங்கினார்கள்.

கணக்கில் ஒரு துண்டு

மூன்று மாதம் போனது. மொத்த வியாபாரிக்குக் கட்ட வேண்டிய பணத்தில் ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் துண்டு விழுந்தது. அம்மா பில் புத்தகத்தைக் கூட்டிப் பார்த்தார். அந்த மாதம் விற்பனை 1,50,000 ரூபாய். கல்லாவில் வந்ததையும் வங்கியில் வந்ததையும் சேர்த்துக் கூட்டினார். 1,48,112 ரூபாய் வந்தது. இன்னொரு தடவை கூட்டினார். அதே தொகைதான். 1,888 ரூபாயைக் காணோம்.

மதியம் அவர் சாப்பிடப் போகும்போது கல்லாச் சாவி பையனிடம்தான் இருக்கும். சந்தேகம் அவன் மேல் போனது. வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் முதல் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சாப்பிடப் போனார். பையனுக்குப் புரிந்துவிட்டது.

“நான் எடுக்கலைம்மா” என்றான்.

“எடுத்தேன்னு நான் சொன்னேனா?” என்றார் அவர்.

கடைகளில் பணம் குறைந்தால் முதலில் பழி விழுவது அங்கே கூலிக்கு நிற்பவர் மேல்தான். இது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்.

பக்கத்து வீட்டுப் பெண் கல்லூரியில் வணிகவியல் படிக்கிறாள். அவளிடம் வங்கிக் கணக்குத் தாளைக் கொடுத்து அம்மா பார்க்கச் சொன்னார். அவள் பில் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

“அத்தை, அஞ்சாம் தேதி ஒரு குக்கர் 2,500 ரூபாய்க்குக் கார்டுல வித்திருக்கீங்க. ஆறாம் தேதி பேங்க்குல எவ்வளவு வந்திருக்கு, பாருங்க.”

அம்மா எண்ணைப் படித்தார். 2,441.

“ஐம்பத்தொன்பது ரூபாய் எங்க போச்சு, கண்ணு?”

“அதுதான் கார்டு கட்டணம். எட்டாம் தேதியும் ஒண்ணு இருக்கு. அதுலயும் அம்பத்தொம்போது குறையுது. இந்தத் தாள்ல இப்படியே இருபத்துநாலு இருக்கு, அத்தை.”

ஐம்பத்தொன்பது எப்படி வந்தது?

2,500 ரூபாய்க்கு நூற்றுக்கு இரண்டு என்றால் 50 ரூபாய். மீதி 9 ரூபாய்? வங்கி வாங்கும் கட்டணமும் ஒரு சேவைதான். அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. 50 ரூபாய்க்கு 18 சதவீதம் 9 ரூபாய். இரண்டும் சேர்ந்து 59.

இங்கே ஒரு சலுகை இருக்கிறது. ஒரே தடவையில் 2,000 ரூபாயோ அதற்குக் குறைவாகவோ அட்டையில் வாங்கினால் அந்தக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. 2,000 ரூபாயைத் தாண்டினால் உண்டு. பாத்திரக் கடையில் அட்டையில் போன பில் எல்லாம் 2,000 ரூபாய்க்கு மேல்தான். சின்ன டம்ளருக்கு யாரும் கடன் அட்டை நீட்டுவதில்லை.

இப்போது மாதக் கணக்கைப் போடலாம். அந்த மாதம் கடன் அட்டை விற்பனை 60,000 ரூபாய். கட்டணம் 1,200 ரூபாய். அதற்கு ஜி.எஸ்.டி. 216 ரூபாய். மெஷினுக்கு மாத வாடகை 400 ரூபாய். வாடகைக்கும் ஜி.எஸ்.டி. உண்டு, அது 72 ரூபாய். மொத்தம் 1,888 ரூபாய். காணாமல் போன தொகை அதுதான். ஒரு ரூபாய்கூட மாறவில்லை.

வந்தவர் சொன்னது நூற்றுக்கு இரண்டு ரூபாய். 60,000 ரூபாய்க்கு 1,888 என்றால் நூற்றுக்கு ஏறக்குறைய 3 ரூபாய் 15 காசு ஆகிறது.

அன்று அம்மா பையனிடம் எதுவும் சொல்லவில்லை. சாவியை மறுபடி அவன் கையில் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

விற்பனையில் இரண்டு, லாபத்தில் எவ்வளவு?

நூற்றுக்கு மூன்று ரூபாய் என்றாலும் அது சின்னத் தொகை போலத்தான் தோன்றும். இந்த இடத்தில்தான் பலர் கணக்கைத் தவற விடுகிறார்கள். விற்பனைப் பணம் முழுவதும் கடைக்காரருடையது அல்ல. அதில் பெரும்பகுதி மொத்த வியாபாரிக்குப் போய்ச் சேர வேண்டியது. கடைக்காரருக்கு உரியது லாபம் மட்டுமே. கட்டணத்தையோ வங்கி முழு விற்பனை மேலும் போடுகிறது. ஆனால் அது கழிவது லாபத்திலிருந்து.

குக்கரின் கொள்முதல் விலை 2,200 ரூபாய். விற்பது 2,500 ரூபாய்க்கு. லாபம் 300 ரூபாய். அதில் 59 ரூபாய் அட்டைக்குப் போனால் மிச்சம் 241 ரூபாய். ஐந்தில் ஒரு பங்கு லாபம் போய்விட்டது.

பேரம் பேசினால் இன்னும் மோசம். வந்தவர் பேசிப் பேசி நூறு ரூபாய் குறைக்கிறார். ரொக்கம் தருவார் என்று நினைத்துக் கடைக்காரரும் 2,400 ரூபாய்க்கு ஒத்துக்கொள்கிறார். பொருளைக் கட்டிக் கொடுத்த பிறகு கடன் அட்டை வெளியே வருகிறது. லாபமே 200 ரூபாய்தான். அதில் 56 ரூபாய் 64 காசு கட்டணம். நான்கில் ஒரு பங்குக்கு மேல் போயிற்று.

60,000 ரூபாய் அட்டை விற்பனையில் நூற்றுக்கு 12 ரூபாய் லாபம் என்றால் 7,200 ரூபாய் வரும். அதில் 1,888 ரூபாய் கட்டணமும் வாடகையும். வருடத்துக்கு 22,656 ரூபாய். அந்த அம்மா ஐந்து மாதத்துக்குக் கட்டும் கடை வாடகையைவிட இது அதிகம்.

லாபம் குறைவாக உள்ள தொழிலில் அடி பலமாக விழும். அழகுப் பொருள் விற்பவருக்கு நூற்றுக்கு முப்பது ரூபாய் லாபம் இருந்தால் அவரால் தாங்க முடியும். மளிகை மொத்தமாக விற்பவருக்கும் மொபைல் போன் விற்பவருக்கும் நூற்றுக்கு நான்கைந்து ரூபாய்தான் நிற்கும். அவர்களுக்குக் கட்டணம் லாபத்தில் பாதி.

அந்தப் பணம் யாருக்குப் போகிறது?

இந்தக் கட்டணத்துக்கு வங்கிகள் வைத்திருக்கும் பெயர் எம்.டி.ஆர். வணிகரிடம் பிடிக்கும் வீதம் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். இது மூன்று பேருக்குப் பிரிகிறது. வாங்க வந்தவருக்கு அட்டை கொடுத்த வங்கி ஒன்று. கடைக்கு மெஷின் கொடுத்த வங்கி மற்றொன்று. இரண்டு வங்கிகளையும் இணைக்கும் நிறுவனம் மூன்றாவது. விசா, மாஸ்டர்கார்டு, ரூபே என்று அட்டையின் மூலையில் இருப்பது அந்த இணைக்கும் நிறுவனத்தின் பெயர். கடன் அட்டையில் பெரிய பங்கு அட்டை கொடுத்த வங்கிக்குத்தான்.

அந்த வங்கியின் வாதத்தையும் கேட்க வேண்டும். வாங்கியவர் உடனே பணம் கட்டுவதில்லை. அவருக்கு 45 நாள், 50 நாள் வரை வட்டியில்லாத தவணை கிடைக்கிறது. கடைக்காரருக்கோ பெரும்பாலும் மறுநாளே பணம் வந்துவிடுகிறது. நடுவில் பணம் போட்டுக் காத்திருப்பது வங்கி. கட்டாமல் ஓடிவிட்டால் நட்டமும் வங்கிக்கே. இதில் நியாயம் இருக்கிறது. கடைக்காரர் கடன் நோட்டு வைத்து வசூலுக்கு அலைய வேண்டாம் என்பதும் உண்மை.

ஆனால் கட்டணத்தில் இன்னொரு பகுதியும் அடங்கியிருக்கிறது. அட்டை வைத்திருப்பவருக்கு வங்கி பரிசுப் புள்ளிகள் தருகிறது. விமான டிக்கெட்டில் தள்ளுபடி தருகிறது. இதற்கான பணத்தில் ஒரு பகுதி கடைக்காரரிடம் பிடித்த கட்டணத்திலிருந்து வருகிறது. நட்டத்தைச் சமாளிக்கக் கடைக்காரர் எல்லாப் பொருளுக்கும் ஐந்து பத்து ரூபாய் விலையை ஏற்றுகிறார். அப்போது கூலிப் பணத்தை முடிந்து கொண்டுவந்து ரொக்கமாகக் கொடுத்துப் பானை வாங்கும் பெண்ணும் அந்த விலையைத்தான் தர வேண்டியிருக்கிறது. அவருக்குப் புள்ளியும் இல்லை, தள்ளுபடியும் இல்லை. யாரோ ஒருவருடைய விமானப் பயணத்துக்கு அவரும் ஒரு ரூபாய் போடுகிறார்.

கடைக்காரரிடம் கட்டணம் பிடிப்பது புதிய பழக்கமும் அல்ல. 1950இல் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் டைனர்ஸ் கிளப் அட்டை தொடங்கியது. அப்போதே அது உணவு விடுதிகளிடம் நூற்றுக்கு 7 டாலர் எடுத்துக்கொண்டது. இந்தியாவில் 1980இல் சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியா கடன் அட்டை கொடுத்தது. அந்தக் காலத்தில் கார்பன் தாள் வைத்து அட்டையை அழுத்திப் பிரதி எடுப்பார்கள். அந்தச் சீட்டைக் கொண்டுபோய் வங்கியில் கொடுத்தால்தான் பணம். இப்போது மெஷின் மாறிவிட்டது. கழிவு மாறவில்லை.

எல்லா அட்டையும் ஒன்றல்ல

பார்ப்பதற்கு அட்டைகள் ஒரே மாதிரி இருக்கும். கடைக்காரர் அட்டையின் மேல் எழுதியிருப்பதைப் பார்க்க வேண்டும். டெபிட் என்று இருந்தால் அது வாங்குபவரின் சொந்தச் சேமிப்பிலிருந்து வரும் பணம். கிரெடிட் என்று இருந்தால் கடன்.

டெபிட் அட்டைக்கு ரிசர்வ் வங்கி கட்டண வரம்பு வைத்திருக்கிறது. முதலில் 2012 செப்டம்பரில் ஒரு வரம்பு வந்தது. பிறகு 2018 ஜனவரி 1 முதல் அது மாற்றப்பட்டது. ஆண்டு விற்பனை 20 லட்சம் ரூபாய் வரை உள்ள கடைக்கு மெஷினில் தேய்த்தால் நூற்றுக்கு 40 காசு. அதுவும் ஒரு விற்பனைக்கு 200 ரூபாயைத் தாண்டக்கூடாது. அதைவிடப் பெரிய கடைக்கு நூற்றுக்கு 90 காசு, ஒரு விற்பனைக்கு 1,000 ரூபாய்க்கு மேல் போகாது. இவை மேல் வரம்புகள். வங்கி இதற்குக் குறைவாகவும் வாங்கலாம்.

2020 ஜனவரி 1 முதல் ரூபே டெபிட் அட்டைக்கும், வங்கிக் கணக்கிலிருந்து யு.பி.ஐ. மூலம் வரும் பணத்துக்கும் கடைக்காரரிடம் இந்தக் கட்டணம் வாங்கக்கூடாது என்று அரசு ஆக்கியது. கடை வாசலில் ஒட்டியிருக்கும் கட்டம் போட்ட சதுரத்தைப் போனில் பிடித்துப் பணம் அனுப்புகிறார்களே, அதுதான் யு.பி.ஐ.

கடன் அட்டைக்கு ரிசர்வ் வங்கி இப்படி ஒரு வரம்பு வைக்கவில்லை. வங்கியும் கடைக்காரரும் பேசிக்கொள்வதுதான் விலை. பெரிய துணிக்கடையும் பெரிய நகைக்கடையும் கோடிக்கணக்கில் விற்பதைக் காட்டிப் பேசிக் குறைக்கின்றன. பாத்திரக் கடை அம்மா வந்தவர் சொன்ன வீதத்துக்குக் கையெழுத்துப் போட்டார். விற்பனை குறைந்தவருக்குக் கட்டணம் கூடுதல் என்பதுதான் நடைமுறை.

ஜி.எஸ்.டி.யிலும் இதே கதைதான். பொருள் விற்கும் கடைக்குப் பெரும்பாலான மாநிலங்களில் ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். முறையாகப் பதிவு செய்து வரி கட்டும் பெரிய கடை, கட்டணத்தின் மேல் கொடுத்த வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்ளும். பதிவு இல்லாத சிறிய கடைக்கு அந்த வழி இல்லை. விற்பனை மேல் ஒரே வீதத்தில் வரி கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் உள்ள கடைக்கும் இல்லை. அந்த அம்மா மாதாமாதம் கொடுத்த 216 ரூபாயும் 72 ரூபாயும் போனது போனதுதான்.

யு.பி.ஐ.யிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 2022 முதல் ரூபே கடன் அட்டையை யு.பி.ஐ.யோடு இணைத்து அந்தச் சதுரத்தைப் பிடித்தே பணம் அனுப்பலாம். கடைக்காரர் அது இலவசம் என்று நினைத்துக்கொள்வார். சிறிய கடைக்கு 2,000 ரூபாய் வரை கட்டணம் இல்லை. அதற்கு மேல் போனால் கடன் அட்டைக் கட்டணம் உண்டு.

சொல்லாமல் வரும் மற்றவை

மெஷின் வாடகை ஒன்று. அட்டையில் ஒரு ரூபாய்கூட விற்காத மாதத்திலும் அது நிற்காது. பணம் வந்ததைக் குரலில் சொல்லும் சிறிய ஒலிப்பெட்டிக்கும் பல நிறுவனங்கள் மாத வாடகை பிடிக்கின்றன.

பொருள் திரும்பி வருவது இன்னொன்று. மிக்சி சரியில்லை என்று கொண்டுவந்து கொடுத்தால் கடைக்காரர் முழுப் பணத்தையும் அட்டைக்குத் திருப்ப வேண்டும். முன்பு பிடித்த கட்டணத்தைத் திருப்பித் தருவதில்லை என்று பல ஒப்பந்தங்களில் எழுதியிருக்கிறது. விற்பனையும் இல்லை, லாபமும் இல்லை, கட்டணம் மட்டும் நிற்கும்.

“இதை நான் வாங்கவே இல்லை” என்று அட்டைக்காரர் தன் வங்கியிடம் புகார் செய்வதும் உண்டு. அப்போது கடைக்காரர் பில்லையும் மெஷின் சீட்டையும் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் கணக்கிலிருந்து முழுத் தொகையும் எடுக்கப்படும். மெஷின் சீட்டில் மை சீக்கிரம் மங்கிவிடும். அதைப் போனில் படம் எடுத்து வைப்பது நல்லது.

வட்டியில்லாத தவணை என்று விளம்பரம் செய்கிறார்களே, அதில் வட்டி இல்லாமல் போவதில்லை. பொருள் தயாரித்தவரோ கடைக்காரரோ அதை வங்கிக்குக் கொடுக்கிறார்கள். எந்தப் பொருளில் யார் கொடுப்பது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் மெஷினில் அந்தப் பொத்தானை அழுத்தக்கூடாது.

வாங்குபவரிடம் கேட்கலாமா?

“கார்டு என்றால் இரண்டு சதவீதம் கூட” என்று பல கடைகளில் சொல்கிறார்கள். டெபிட் அட்டைக்கு அப்படி வாங்குவது கூடாது. 2013இல் ரிசர்வ் வங்கி இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கடன் அட்டைக்கும் வாங்கக்கூடாது என்றுதான் கடைக்காரர் கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்தில் பொதுவாக இருக்கும். அதை மீறினால் மெஷினைத் திருப்பி எடுத்துக்கொள்ள இடம் உண்டு. அதோடு, கூடுதலாகக் கேட்டால் வந்தவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

பேரம் தொடங்கும்போதே “எப்படிப் பணம் தர்றீங்க?” என்று கேட்டுவிட்டு விலையைக் குறைப்பதில் தவறில்லை. குறைக்கும் நூறு ரூபாயை யாருக்குக் கொடுப்பது என்பது கடைக்காரர் கையில் இருக்கிறது. அட்டை கொடுப்பவருக்கும் ரொக்கம் கொடுப்பவருக்கும் ஒரே தள்ளுபடி என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

அம்மா என்ன செய்தார்?

மெஷினை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் மிக்சி வாங்க வந்தவர்களில் சிலர் போயிருப்பார்கள். விற்காத மிக்சியில் லாபமே இல்லை. அலமாரியில் தூசி படிந்து நிற்பதைவிட லாபத்தில் கால் பங்கு குறைந்தாலும் விற்பது மேல். வங்கி வழியாக விற்பனை போனால் நாளைக்குக் கடைக்குக் கடன் கேட்கும்போது கணக்குத் தாளைக் காட்டலாம். கள்ள நோட்டுப் பயம் இல்லை. சில்லறைச் சண்டை இல்லை.

அவர் பில் புத்தகத்தில் இரண்டு கோடு அதிகமாகப் போட்டார். ரொக்கம், யு.பி.ஐ., டெபிட், கிரெடிட் என்று தனித்தனியாக எழுதினார். இரண்டு மாதக் கணக்கோடு வங்கிக்குப் போனார். அந்தப் பெண்ணும் கூடப் போனாள்.

“ஐயா, மாசம் அறுபதாயிரம் உங்க மெஷின்ல ஓடுது. நூத்துக்கு ரெண்டு எனக்குக் கட்டுப்படி ஆகலை. வாடகை வேற தனியா பிடிக்கிறீங்க. பக்கத்துப் பேங்க்குல கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன்.”

மேலாளர் கணக்கைப் பார்த்தார். மேலிடத்துக்கு எழுதினார். ஒரு மாதம் இழுத்தது. அதற்குள் அம்மா மூன்று தடவை போய் நின்றார். கடைசியில் வீதம் நூற்றுக்கு 1 ரூபாய் 75 காசு ஆனது. மாதம் 50,000 ரூபாய்க்கு மேல் விற்றால் வாடகை இல்லை என்றும் எழுதிக் கொடுத்தார்கள். அதே 60,000 ரூபாய்க்குக் கட்டணம் 1,050 ரூபாய், ஜி.எஸ்.டி. 189 ரூபாய், மொத்தம் 1,239 ரூபாய். மாதம் 649 ரூபாய் மிச்சம். வருடத்துக்கு 7,788 ரூபாய்.

எல்லா வங்கியும் இப்படி இறங்கி வரும் என்று சொல்ல முடியாது. தனி ஆளாகக் கேட்பதைவிடக் கடைத்தெருச் சங்கமாகச் சேர்ந்து கேட்டால் பேச்சுக்கு எடை கூடும். டெபிட் அட்டைக்கு வரம்பைத் தாண்டிப் பிடித்திருந்தால் அது பேரமே அல்ல, விதிமீறல். முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். 30 நாளுக்குள் பதில் வராவிட்டாலோ, பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

1. செருப்புக் கடையில் 1,200 ரூபாய்க்கு ஒரு ஜோடி விற்றது. வாங்கியவர் கடன் அட்டை கொடுத்தார். கட்டணம் நூற்றுக்கு 2 ரூபாய். கடைக்காரரிடம் எவ்வளவு பிடிப்பார்கள்? அதற்கு ஜி.எஸ்.டி. உண்டா?

2. மொபைல் கடையில் 15,000 ரூபாய் போன் விற்றது. நூற்றுக்கு 4 ரூபாய் லாபம். கடன் அட்டைக் கட்டணம் நூற்றுக்கு 2 ரூபாய். ஜி.எஸ்.டி.யும் சேர்த்துக் கழித்தால் கடைக்காரருக்கு மிச்சம் எவ்வளவு?

3. பாத்திரக் கடை அம்மா 60,000 ரூபாய் கடன் அட்டை விற்பனையில் 20,000 ரூபாயை வங்கிக் கணக்கு யு.பி.ஐ.க்கு மாற்றிவிட்டார். மீதி 40,000 ரூபாய்க்கு நூற்றுக்கு 1 ரூபாய் 75 காசு கட்டணமும் அதற்கு ஜி.எஸ்.டி.யும் எவ்வளவு? அட்டை விற்பனை 50,000 ரூபாய்க்குக் கீழே வந்துவிட்டதால் வாடகை 400 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி.யும் மறுபடி வந்தால் மொத்தம் எவ்வளவு? முன்பு கட்டிய 1,239 ரூபாயைவிட அது கூடுதலா, குறைவா?

விடைகள்: 1. 24 ரூபாய், ஜி.எஸ்.டி. இல்லை. 2. 246 ரூபாய். 3. முதலில் 826 ரூபாய். வாடகையும் சேர்த்தால் 1,298 ரூபாய். 59 ரூபாய் கூடுதல்.